கையால் செய்யும் வாழ்த்து அட்டையும் பரிசும்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டேஷனரி கடை நடத்துகிறேன். மார்கழி பிறந்தால் போதும், சார்ட் பேப்பர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே சந்தேகங்களைக் கேட்பார்கள். கல்யாண சீசனிலும் அப்படித்தான். ஒருவருக்கு நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பின்னால் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் ஆதார் கார்டை நீட்டியபடி முறைப்பார். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

"எனக்கு வரையவே வராது. நான் அட்டை செஞ்சா நல்லாவா இருக்கும்?"

வாழ்த்து அட்டைக்கு ஓவியத் திறமை கட்டாயம் இல்லை. மடிப்பு நேராக இருக்க வேண்டும், வெட்டிய ஓரம் பிசிறில்லாமல் இருக்க வேண்டும், உள்ளே மனசில் பட்டதை நாலு வரி எழுத வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் முகப்பில் ஒரே ஒரு இலை ஒட்டியிருந்தாலே போதும்.

வரையத் தெரியாது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் தினமும் வாசலில் கோலம் போடுகிறவர்கள். காவி நிற அட்டையில் வெள்ளை ஜெல் பேனாவால் ஏழு புள்ளிக் கோலம் ஒன்று போட்டுப் பாருங்கள். புள்ளிகளை முதலில் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் இடைவெளி அளவாக இருக்கும். ஜெல் மை காயக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதற்குள் புறங்கை பட்டால் இழுவிக்கொள்ளும். மேலிருந்து கீழாகப் போட்டு வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

"என்னென்ன வாங்கணும்? லிஸ்ட் சொல்லுங்க."

கடைக்காரியே இப்படிச் சொல்லக் கூடாது, ஆனால் முதல் அட்டைக்கு அதிகம் வாங்காதீர்கள். கெட்டி அட்டைத்தாள் நாலைந்து, ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, கட்டர் ஒன்று, இருபக்கமும் ஒட்டும் டேப் ஒரு சுருள், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ஒன்று. பேனா எதற்கு என்று மடிப்புக் கேள்வியில் சொல்கிறேன். சமிக்கி, கிளிட்டர், ஸ்டிக்கர் எல்லாம் அப்புறம். கிளிட்டர் வாங்குவதாக இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: அது அட்டையில் ஒட்டுவதைவிட வீட்டுத் தரையில் ஒட்டுவதுதான் அதிகம்.

வீட்டிலேயே ஒரு கிடங்கு இருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகைகளைத்தான் சொல்கிறேன். வைகாசி, ஆவணி போனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டு சேர்ந்திருக்கும். நல்ல கெட்டித் தாள், தங்க நிற ஓரம், பூ வேலைப்பாடு. காசு கொடுத்து வாங்கினால் விலை அதிகம். உறைகளின் உள்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். பெயர் அச்சடித்த பகுதியையும் சாமி படத்தையும் விட்டுவிட்டு மீதியை வெட்டிக்கொள்ளுங்கள்.

"கடையில எத்தனை ஜிஎஸ்எம் வேணும்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?"

ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை இருக்கும் என்பதுதான் ஜிஎஸ்எம். ஜெராக்ஸ் தாள் 70 அல்லது 75 வரும். மடித்தால் தொய்யாமல் நிற்கும் அட்டைக்கு 200 முதல் 300 வரை கேளுங்கள். தபாலில் அனுப்பப் போகிறீர்கள் என்றால் 200 பக்கமே நில்லுங்கள். காரணம் தபால் கேள்வியில் வருகிறது.

"மடிச்சா நடுவுல வெடிச்ச மாதிரி ஆயிடுது. நீங்க மடிச்சா மட்டும் எப்படி நேரா வருது?"

கெட்டி அட்டையை அப்படியே கையால் மடிக்கக் கூடாது. மடிக்க வேண்டிய இடத்தில் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி இரண்டு தடவை கோடு இழுங்கள். பள்ளம் விழும். அதன் வழியே மடித்தால் சத்தம் போடாமல் மடியும். பள்ளம் விழுந்த பக்கம் அட்டைக்கு வெளிப்பக்கமாக வர வேண்டும். பலர் உள்பக்கமாக மடித்துவிட்டுக் கோடு போட்டும் வெடிக்கிறதே என்பார்கள்.

இன்னொன்று, தாளுக்கு ஒரு போக்கு உண்டு. ஆலையில் தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துக்கொள்ளும். அந்தத் திசையோடு மடித்தால் சுத்தமாக மடியும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். கண்டுபிடிப்பது சுலபம். தாளை நீளவாக்கில் லேசாக வளைத்துப் பாருங்கள், பிறகு அகலவாக்கில் வளையுங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, மடிப்பு அந்தப் பக்கம் வரும்படி வெட்டிக்கொள்ளுங்கள்.

"ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். அட்டை அப்பளம் மாதிரி நெளிஞ்சு போச்சு."

வெள்ளைப் பசையில் பாதி தண்ணீர். தாள் அதை உறிஞ்சி ஒரு பக்கம் மட்டும் விரிகிறது, காயும்போது சுருங்குகிறது, அதனால்தான் நெளிகிறது. தாளோடு தாள் ஒட்ட இருபக்க டேப்போ குச்சிப் பசையோ போதும். ஃபெவிகாலைத் துணி, மணி, குச்சி, கண்ணாடித் துண்டு ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் டப்பாவிலிருந்து நேரே பிழியாமல் தீக்குச்சி முனையால் தொட்டு வையுங்கள். ஏற்கெனவே நெளிந்த அட்டை என்றால் மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் இஸ்திரி பெட்டியை ஓட்டி, ஒரு ராத்திரி கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள்.

மைதா பசை போடலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். போடலாம், பெரிய தாளை ஒட்ட அது சிக்கனம். ஆனால் புத்தகம் அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு மைதா விருந்து. பைண்டிங் செய்கிறவர்கள் அதற்காகத்தான் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். மயில்துத்தம் விஷம், குழந்தைகள் கை வைக்கும் வேலையில் அது வேண்டவே வேண்டாம். பல வருஷம் வைத்திருக்கப் போகிற அட்டைக்கு மைதாவையே தவிர்த்துவிடுங்கள்.

"ஐப்பசி, கார்த்திகைல எதுவுமே காய மாட்டேங்குது. அப்ப என்ன பண்றது?"

நம் பக்கத்து அடைமழையில் சுவரே வியர்க்கும், தாள் சும்மா இருக்குமா. அந்த மாதங்களில் வாட்டர் கலர், மைதா பசை, காய்ந்த பூ மூன்றையும் ஒத்திவையுங்கள். வெட்டி ஒட்டும் அட்டை, நூலால் தைக்கும் அட்டை, பால்பாயிண்ட் பேனா வேலை எல்லாம் மழைக்குத் தாங்கும். தாள்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடிய சம்படத்தில் வையுங்கள். புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றிரண்டைக் கூடப் போட்டால் இன்னும் நல்லது.

இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த போட்டோவை மழைக்கால அட்டையில் ஒட்டாதீர்கள். ஈரக்கை பட்டால் சாயம் ஓடிவிடும். லேசர் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

"'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்'னு எழுதினதும் பேனா நின்னுடுது. உள்ள என்னதான் எழுதறது?"

அட்டை செய்வதில் கஷ்டமான இடம் இதுதான். மற்றதெல்லாம் கைப்பழக்கம். வாழ்த்து ஒரு வரியோடு போதும். அடுத்த வரியில் உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுங்கள். பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை. மன்னார்குடியில் வாக்கப்பட்ட அக்காவுக்கு அட்டை செய்த ஒருவர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்துவிட்டுக் கடைசியில் எழுதியது இது: "கொல்லையில் நீ வச்ச கறிவேப்பிலை இப்ப ஓட்டுக்கு மேல போயிடுச்சு. பக்கத்து வீட்டுக்கெல்லாம் அதுலேர்ந்துதான் போகுது." அவ்வளவுதான். அதற்கு மேல் எதற்கு?

பெரியவர்களுக்கு எழுதும்போது சிலர் தயங்குவார்கள். ஊரில் பேனர் வைக்கிறவர்கள் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" என்று போட்டுப் போட்டு அந்த வரியைத் தேய்த்துவிட்டார்கள், அதை விட்டுவிடலாம். "உங்கள் ஆசீர்வாதம் வேண்டி" என்று முடித்தால் அழகாகத்தான் இருக்கிறது. கண் பார்வை குறைந்தவர் என்றால் எழுத்தைப் பெரிதாக, கறுப்பு மையில் எழுதுங்கள். கலர் அட்டையில் கலர் மை அவர்களுக்குத் தெரியாது. முதலில் ஒரு வேண்டாத தாளில் எழுதிப் பார்த்துவிட்டு அட்டைக்கு வாருங்கள். கையெழுத்து மோசம் என்பதற்காகப் பிரிண்ட் எடுத்து ஒட்ட வேண்டாம். உங்கள் கையெழுத்துதான் அதில் உங்கள் முகம்.

"பொங்கல் வாழ்த்து அட்டை இப்ப யாராவது அனுப்புறாங்களா? வாட்ஸ்அப்லயே போட்டுடலாமே?"

வாட்ஸ்அப்பில் போடுங்கள், அது எல்லோருக்கும். அட்டை நாலு பேருக்கு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மார்கழியில் கடை வாசலில் கயிறு கட்டிப் பொங்கல் அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். பானை, கரும்பு, மாடு, சாமி, சினிமா நடிகர்கள் என்று வரிசையாக ஆடும். யாருக்கு எந்த அட்டை என்று பொறுக்குவதிலேயே ஒரு சாயங்காலம் போய்விடும். அந்தப் பழக்கம் உள்ளவர்கள் இப்போது ஐம்பது வயது தாண்டியிருப்பார்கள். அவர்களுக்குத் தபாலில் ஒரு பொங்கல் அட்டை போனால் என்ன நடக்கும் என்று அனுப்பிப் பாருங்கள்.

தை முதல் தேதி கையில் கிடைக்க வேண்டுமானால் மார்கழி 20-க்குள் தபாலில் சேர்த்துவிடுங்கள்.

"பூ ஒட்டின அட்டை ஒரு வாரத்துல கறுத்துடுச்சு. எந்தப் பூ நிக்கும்?"

மல்லிகை, நந்தியாவட்டை மாதிரி ஈரம் நிறைந்த வெள்ளைப் பூக்கள் பழுப்பாகிவிடும், அவற்றை விட்டுவிடுங்கள். காகிதப் பூ எனப்படும் போகன்வில்லா நன்றாக நிற்கும். நாம் இதழ் என்று நினைக்கும் அந்தக் கலர் பகுதியே மெல்லிய, ஈரம் குறைந்த இலைதான். வேப்பிலைக் கொழுந்து, புளிய இலை, புல்லின் பூ, பெரணி இவையும் சரி. செய்தித்தாள் நடுவே பரப்பி, மேலே கனம் ஏற்றி இரண்டு வாரம் வையுங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று தடவை தாளை மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் பூஞ்சை வரும்.

இலையில் ராஜா அரச இலைதான். முற்றிய இலைகளைப் பானைத் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் ஊறப்போடுங்கள், அவ்வப்போது தண்ணீரை மாற்றுங்கள். நாறும், கொல்லைப்புறத்தில் வையுங்கள். சதை அழுகியதும் தட்டில் பரப்பி, பழைய டூத் பிரஷால் ஓடும் தண்ணீரில் மெதுவாகத் தட்டித் தட்டித் தேய்த்தால் நரம்புகள் மட்டும் வலைபோல மிஞ்சும். காம்புப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நுனி நோக்கித் தேய்க்க வேண்டும், எதிர்ப்பக்கமாகத் தேய்த்தால் கிழியும். பிறகு தாள்களுக்கு நடுவே வைத்துக் காயவையுங்கள். கருநீல அட்டையில் இதை ஒட்டினால் வேறு அலங்காரமே தேவையில்லை.

"பசங்களுக்கு லீவு. அவங்களே செய்யற மாதிரி ஏதாவது?"

மஞ்சளும் சுண்ணாம்பும் போதும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவிடுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததும் மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் அந்த மஞ்சள் தாளில் எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான், காரம் பட்டால் மஞ்சள் நிறம் மாறும். எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். மஞ்சள் பூசிய அட்டையையும் ஒரு சின்னச் சோப்புத் துண்டையும் சேர்த்துக் கொடுத்து, "சோப்புத் தண்ணியில எழுது" என்று தாத்தாவிடம் சொல்லச் சொல்லுங்கள்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. சின்னப் பிள்ளைகள் என்றால் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும், ஆகவே இது அன்றைக்குக் கொடுத்து அன்றைக்கு விளையாடும் அட்டை.

"தஞ்சாவூர் பொம்மை மாதிரி ஆடுற அட்டை செய்ய முடியுமா?"

முடியும். தலையாட்டி பொம்மைக்கு அடிப்பாகம் உருண்டை, கனமும் அங்கேதான். எந்தப் பக்கம் தள்ளினாலும் கனம் கீழே வரத் துடிக்கும், பொம்மை எழுந்துவிடும். அட்டையிலும் அதே வேலைதான். பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் கெட்டி அட்டையில் வட்டம் வெட்டி, சரிபாதியாக மடியுங்கள். மடிப்பு மேலே, வளைவு கீழே வரும்படி கூடாரம்போல நிறுத்துங்கள். முன்பக்கம் ராஜா ராணி படத்தை ஒட்டுங்கள். தலை மடிப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கலாம்.

உள்பக்கம், இரண்டு பாதியிலும் வளைவின் அடிமட்டத்தில் நடுவாக ஆளுக்கொரு நாணயத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். விரலால் தட்டினால் ஆடி ஆடி நேராக நிற்கும். ஒரு பக்கமாகவே சாய்ந்தால் நாணயம் நடுவில் இல்லை என்று அர்த்தம். ஆடாமல் கவிழ்ந்தால் மேலே ஒட்டிய படம் கனம். மெல்லிய தாளுக்கு மாற்றுங்கள்.

"அட்டையில தஞ்சாவூர் ஓவியம் மாதிரி தங்கம் வச்சுச் செய்யலாமா?"

அசல் தஞ்சாவூர் ஓவியம் பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டிச் செய்வது. புவிசார் குறியீடு பெற்ற கலை. அட்டை அந்தக் கனத்தைத் தாங்காது. ஒரு மயிலிறகுக் கண் அளவோ, ஒரு வளையல் அளவோ சின்னதாகச் செய்யலாம். சாக்பீஸ் தூளை ஃபெவிகாலோடு தோசைமாவுப் பதத்தில் குழைத்து, மெகந்தி கூம்பு போலத் தாளைச் சுருட்டி அதில் ஊற்றிக் கோடு இழுங்கள். காய்ந்ததும் தங்க நிறப் பெயிண்ட். 300 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்த அட்டை வேண்டாம், மடிப்பின் மேல் கோடு போகவும் கூடாது.

இதைக் கொடுக்கும்போது "தஞ்சாவூர் ஓவியம்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். "அந்த மாதிரி" என்று சொன்னால் போதும். நெட்டி என்ற நீர்ச்செடியின் தண்டில் செதுக்கும் வேலைக்கும் இதே பேச்சுதான். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தவர்களிடமே சின்ன நெட்டிப் பூ வாங்கி அட்டையில் வைக்கலாம், ஆனால் நெட்டி தொட்டாலே நொறுங்கும். கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற அட்டைக்குத்தான் அது சரிவரும்.

"சாமி படம் போட்ட அட்டை செய்யலாமா?"

செய்யலாம். ஆனால் வாங்குகிறவர் அதை எங்கே வைப்பார், அப்புறம் என்ன செய்வார் என்று யோசியுங்கள். குப்பையில் போட மனசு வராது, பூஜை அலமாரியிலும் இடமிருக்காது. அந்தச் சங்கடத்தை ஏன் கொடுக்க வேண்டும்? விளக்கு, தாமரை, கோபுர நிழல் போட்டாலே விஷயம் புரிந்துவிடும்.

"மொய் கவரை அழகா நானே செஞ்சு குடுக்கலாம்னு பாக்குறேன். சரியா வருமா?"

வரும், மேசையில் உட்கார்ந்து மொய் எழுதுகிறவரை நினைத்துச் செய்தால். அவருக்கு உங்கள் கைவேலையை ரசிக்க நேரம் கிடையாது. முன்னால் வரிசை நிற்கும். கவரைப் பிரித்து, பணத்தை எண்ணி, பெயரும் ஊரும் நோட்டில் ஏற்றுவார். கவர் ஒட்டியிருந்தால் கிழிப்பார். அதனால் ஒட்டாமல், கவரின் நாக்கை உள்ளே செருகி மூடுகிற மாதிரிச் செய்யுங்கள். உங்கள் பெயர், அப்பா அல்லது வீட்டுக்காரர் பெயர், ஊர் மூன்றையும் வெளிப்பக்கம் தெளிவாக எழுதுங்கள். நூற்றியொன்று, ஐநூற்றியொன்று என்று வைக்கும்போது அந்த ஒரு ரூபாய் விழாமல் இருக்க உள்ளே சின்னதாக ஒரு கீறல் போட்டு நாணயத்தைச் செருகலாம்.

வாழ்த்து அட்டை வேறு, மொய்க் கவர் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைப் பொண்ணு மாப்பிள்ளை கையில் கொடுங்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடியில் நடக்கும் மொய் விருந்துக்கு மட்டும் அலங்காரமே தேவையில்லை. அது கணக்கு வழக்கு, நோட்டில் பெயர் சரியாக ஏறினால் போதும்.

"அப்பாவுக்குத் திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம். பட்டு வேட்டி எல்லாரும் எடுப்பாங்க. நான் வேற ஏதாவது செய்யணும்."

விசிறி மடிப்புப் புத்தகம் செய்யுங்கள். நீளமான அட்டைத்தாளை முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே போய், இரண்டு முனையிலும் துணி ஒட்டிய கெட்டி அட்டையை மேலட்டையாக ஒட்டினால் முடிந்தது. அம்மாவின் பழைய பட்டுப் புடவைக் கரை இருந்தால் மேலட்டைக்கு அதைவிட நல்லது கிடையாது. விரித்தால் மேசை நீளத்துக்கு நிற்கும், மடித்தால் கையடக்கம். ஒரு மடிப்பு ஒருவருக்கு: அத்தை ஒன்று, சித்தப்பா ஒன்று, அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒன்று, பேரப்பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று. அறுபது பக்கம் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், பத்துப் பன்னிரண்டு போதும்.

ஒரு மாசம் முன்பே தொடங்குங்கள். எழுதிக் கொடுங்கள் என்றால் யாரும் எழுத மாட்டார்கள். போன் பண்ணி, "அப்பாவைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அத்தை" என்று கேட்டு, அவர்கள் பேச்சை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "சைக்கிள்ல என்னைப் பின்னாடி உக்கார வச்சு கும்பகோணம் வரைக்கும் மிதிச்சான்" என்று அத்தை சொன்னால் அதை "அன்புச் சகோதரன்" என்று மாற்றிவிடாதீர்கள். போட்டோ ஒட்டுவது என்றால் அசலை ஒட்டாமல் பிரதி எடுத்து ஒட்டுங்கள். எந்தப் பிரிண்ட் என்று மழைக்காலக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன். புத்தகத்தைச் சடங்கு மேடையில் கொடுக்காதீர்கள். கலச அபிஷேகம் முடிந்து எல்லாம் ஈரமாக இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள்.

"கையால செஞ்சதைச் சம்பந்தி வீட்டுக்குக் குடுத்தா, காசு மிச்சம் பிடிச்சோம்னு நினைக்க மாட்டாங்களா?"

நினைக்கலாம். சீர் எதிர்பார்க்கிற இடத்தில் சீருக்குப் பதிலாகக் கைவேலையைக் கொடுத்தால் வம்புதான். தலைப்பொங்கலுக்குப் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம் போக வேண்டியது போகட்டும். கைவேலை அந்தத் தட்டுகளின் மேல் உட்காரட்டும்: தட்டு மூடும் துணியில் பெண்ணின் கையால் ஒரு தையல் வேலை, தேங்காய்த் தட்டின் மேல் மாமியார் பெயர் எழுதிய ஒரு சின்ன அட்டை. எதிர்பார்த்தது வந்துவிட்டது, எதிர்பாராததும் வந்திருக்கிறது. அப்போது யாரும் விலை பேச மாட்டார்கள்.

நண்பர்களிடம் இந்தக் கணக்கே கிடையாது. நவராத்திரிக் கொலுவுக்கு வருகிறவர்களுக்கும் அப்படித்தான். வெற்றிலை பாக்கோடு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் செய்த சின்னப் பை ஒன்று கொடுத்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

"வயல்ல இருந்தே ஒரு பரிசு செய்யலாமா? மெட்ராஸ்ல இருக்கற தங்கச்சிக்கு."

நெற்கதிர்க் குஞ்சம் பின்னுங்கள். நம் பக்கத்தில் வீட்டு வாசலிலும் கோயிலிலும் குருவி கொத்தித் தின்னத் தொங்கவிடுவது. சம்பா அறுப்பு தை, மாசியில் வரும். மிஷின் இறங்குவதற்கு முன்பே வரப்போரம் ஒரு பிடி கதிரை நீளக் காம்போடு கையால் அறுத்து வைத்துவிடுங்கள், மிஷின் போனபின் நீளக் காம்பு கிடைக்காது. நன்றாக முற்றி நெல் உதிரும் பருவத்துக்குக் கொஞ்சம் முன்பே அறுப்பது நல்லது.

கதிரைத் தலைகீழாகக் கட்டி நிழலில் காயவிடுங்கள். பின்னுவதற்கு முன் காம்புகளை மட்டும் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஒடியாமல் வளையும். மூன்று மூன்று காம்பாகச் சடை பின்னுவதுபோலப் பின்னி, புதுக் கதிர்களை இடையிடையே சேர்த்துக்கொண்டே வந்து, முடிவில் வாழைநாரால் இறுக்கிக் கட்டுங்கள். தங்கச்சியின் பால்கனியில் குருவி வராவிட்டாலும் அணில் வரும். வீட்டுக்குள் மாட்டினால் வண்டு வைக்கும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

"தபால்ல அனுப்பினா எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்டணும்? போன தடவை வாங்கினவங்ககிட்ட காசு கேட்டாங்களாம்."

சாதாரணத் தபால் உறைக்கு முதல் 20 கிராமுக்கு 5 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு 5 ரூபாய். ஸ்டாம்ப் குறைந்தால், குறைந்த தொகையின் இரண்டு மடங்கை வாங்குகிறவரிடம் வசூலிப்பார்கள். உங்கள் அட்டைக்கு நடந்தது அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று கிட்டத்தட்ட 19 கிராம். உறை சேர்ந்ததும் 20 தாண்டிவிடும், 10 ரூபாய் ஸ்டாம்ப். அதே ஏ4 தாளை 200 ஜிஎஸ்எம்மில் எடுத்தால் பன்னிரண்டரை கிராம்தான், மெல்லிய உறையோடு 20-க்குள் நிற்கும். பாதித் தாளில் செய்தால் கவலையே இல்லை. மணி, நாணயம், குச்சி ஒட்டிய அட்டை என்றால் தபால் ஆபீசில் எடை போடச் சொல்லி ஒட்டுங்கள். உறைக்குள் அட்டையின் இரண்டு பக்கமும் மெல்லிய அட்டைத் துண்டு வைத்தால் முத்திரை அடிக்கும்போது நசுங்காது. கட்டாயம் போய்ச் சேர வேண்டியது என்றால் ஸ்பீட் போஸ்ட்தான். பதிவுத் தபாலை 2025-இல் அதோடு இணைத்துவிட்டார்கள்.

"அண்ணன் ஆஸ்திரேலியாவுல. அந்த அரச இலை அட்டையை அனுப்பலாமா?"

வேண்டாம். இலை, பூ, விதை, வைக்கோல் என்று செடி சம்பந்தப்பட்ட எதையும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கண்டிப்பாகச் சோதிக்கும். தடுத்து அழித்துவிடவும் கூடும். நெற்கதிர்க் குஞ்சத்துக்கு அங்கே வழியே இல்லை. காகிதம், நூல், துணியில் செய்து அனுப்புங்கள். அரச இலைதான் வேண்டும் என்றால் இலையை ஸ்கேன் செய்து பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கள், பார்வைக்கு அதுவும் அழகாகத்தான் இருக்கும்.

"அவங்க வீட்ல இந்த வருஷம் துக்கம். பொங்கலுக்கு அட்டை அனுப்பலாமா, அனுப்பாம விட்டா தப்பா?"

பொங்கல் வாழ்த்து அனுப்ப வேண்டாம். அந்த வருஷம் அவர்கள் பண்டிகை கொண்டாட மாட்டார்கள், பானை படம் போட்ட அட்டை மனசைக் குத்தும். அதற்காக அந்த வீட்டை விட்டுவிடவும் வேண்டாம். பண்டிகைக்குச் சில நாள் முன்பாக, அலங்காரம் இல்லாத வெள்ளை அட்டையில் நாலு வரி எழுதி அனுப்பலாம். போனவரைப் பற்றி நீங்கள் நேரில் கண்ட ஒன்று, அடுத்து "பண்டிகை நாளில் உங்களை நினைத்துக்கொள்வோம்" என்று ஒரு வரி. ஆறுதல் மொழிகளை அடுக்காதீர்கள்.

நல்ல செய்திக் கடிதத்துக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவது வழக்கம். பழக்கத்தில் இந்த அட்டைக்கும் தடவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கரையும் வேண்டாம். கறுப்பைக் கண்டாலே பழைய காலத்துச் சாவுக் கடிதம் நினைவுக்கு வரும்.

"நல்லா வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க. விக்கலாமா?"

விற்கலாம். ஆனால் விலை போடும்போது தாள், பசைச் செலவை மட்டும் கணக்குப் பண்ணாதீர்கள். ஒரு அட்டைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால் அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. அதைச் சேர்த்தால் கடையில் தொங்கும் அச்சு அட்டையோடு போட்டி போட முடியாது, அந்தப் போட்டியே வேண்டாம். பெயர் எழுதியது, போட்டோ வைத்தது, அறுபதாம் கல்யாணப் புத்தகம் மாதிரி ஆர்டரின் பேரில் செய்வதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பாதி முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்களிடமும் முன்பணம் கேளுங்கள். முக்கியமாகச் சொந்தக்காரர்களிடம்.

சினிமா நடிகர் படம், கார்ட்டூன் பொம்மை இவற்றை வைத்து விற்பதற்குச் செய்யாதீர்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டில் செய்வது வேறு, காசுக்கு விற்பது வேறு. அந்தப் படங்களுக்கு உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள்.

"அட்டை அனுப்பி இத்தனை நாளாச்சு, ஒரு வார்த்தை பதில் இல்ல. கேக்கலாமா?"

"வந்துச்சா?" என்று கேளுங்கள். "பிடிச்சுதா?" என்று கேட்காதீர்கள். பிடிக்காவிட்டாலும் பிடித்தது என்றுதான் சொல்லியாக வேண்டும், பாவம். சிலருக்கு நன்றி சொல்ல வராது. அட்டையைப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருப்பார்கள், போனில் அதைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள்.

வரவில்லை என்று சொன்னால் முகவரியில் பின்கோடு சரியா, கதவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் இருப்பது நம் பக்கத்தில் சகஜம், ஆகவே தபால் ஆபீஸ் பெயரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று செய்து அனுப்புங்கள்.